412 கிலோ இருந்தும் நின்றுபோன லைன்

நள்ளிரவு ஒன்றரை மணி. பவுச் பேக்கிங் லைனின் ஷிப்ட் சூப்பர்வைசரிடமிருந்து போன் வந்தது. பவுச் செய்யும் ஃபிலிம் இல்லாமல் மெஷின் நின்றுவிட்டது என்றார். அப்போது நான் ஒரு தொழிற்சாலையில் ஈஆர்பியை, அதாவது சரக்கு, கொள்முதல், கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக வைத்திருக்கும் மென்பொருளை, பார்த்துக்கொள்ளும் குழுவில் இருந்தேன். லேப்டாப்பைத் திறந்து அந்த ஃபிலிமின் கோடைப் போட்டேன். 412 கிலோ என்று காட்டியது. எந்தத் தடையும் இல்லாத, எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற நிலையில் இருந்த ஸ்டாக். ஓடிக்கொண்டிருந்த ஆர்டருக்குத் தேவை 300 கிலோதான்.

“சிஸ்டத்துல 412 கிலோ இருக்கே சார்” என்றேன்.

“இருக்கலாம் சார். மெஷின்ல மாட்ட ஒரு ரோல் இல்ல” என்றார்.

விடிந்ததும் நேரில் போய்ப் பார்த்தோம். 412 கிலோவும் அங்கேயேதான் இருந்தது, ஒரு கிலோ குறையவில்லை. அதில் 260 கிலோ, அதாவது நான்கு முழு ரோல்கள், அச்சு நிறம் சரியில்லை என்று முந்தைய ஷிப்டில் தரப்பிரிவு நிறுத்திவைத்தவை. நிறுத்திவைத்த தகவலை அவர்கள் எம்இஎஸ்ஸில், அதாவது உற்பத்தித் தளத்தை நடத்தும் மென்பொருளில், முறையாகப் பதிந்திருந்தார்கள். அங்கிருந்து அது ஈஆர்பிக்கு வரவேயில்லை. மீதி 152 கிலோ, மெஷினுக்கு அருகில் ஒரு தூணில் சாய்த்து வைத்திருந்த மூன்று பாதி ரோல்கள். 58, 51, 43 கிலோ. அந்த மூன்றிலும் லேபிள் இல்லை. சப்ளையர் லேபிளை வெளி உறையின் மேல்தான் ஒட்டி அனுப்புகிறார். ரோலை மெஷினில் மாட்டும்போது உறையைக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டால் லேபிளும் கூடவே போய்விடும். லாட் எண், அதாவது எந்தத் தொகுதியில் தயாரானது என்று சொல்லும் எண், தெரியாத ரோலை எம்இஎஸ் மாட்ட விடாது. விடக் கூடாது என்றுதான் நாங்களே அதை அமைத்திருந்தோம்.

ஆக, இரண்டு சிஸ்டமும் சொன்னது உண்மை. நிறுவனத்துக்குச் சொந்தமாக 412 கிலோ ஃபிலிம் இருக்கிறது என்றது ஈஆர்பி. இந்த மெஷினில் இப்போது மாட்டுவதற்கு எதுவும் இல்லை என்றது எம்இஎஸ். இந்த இரண்டு உண்மைகளுக்கு நடுவில் லைன் விடியும்வரை நின்றது. அப்புறம் விசாரணை என்று கூப்பிட்டு நிற்க வைத்தது ஸ்டோர் கீப்பரை. அவருடைய கணக்கில் ஒரு பிழையும் கிடையாது. அது எனக்கு இன்றுவரை ஆறவில்லை. இந்தக் கட்டுரையை எழுதவும் அதுதான் காரணம்.

ஈஆர்பி ஏன் சரக்கை அப்படிப் பார்க்கிறது என்று புரிந்துகொள்ள அதன் பிறப்பைப் பார்க்க வேண்டும். ஈஆர்பி என்ற பெயரை கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம் 1990-இல் வைத்தது. ஆனால் அதன் கரு 1960களில் ஜோசப் ஆர்லிக்கி போன்றவர்கள் உருவாக்கிய எம்ஆர்பி, அதாவது மூலப்பொருள் தேவையைத் திட்டமிடும் கணக்கு. எத்தனை பொருள் செய்யப்போகிறோம், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மூலப்பொருள் வேண்டும், கையில் எவ்வளவு இருக்கிறது, மீதியை எப்போது வாங்க வேண்டும். இந்தக் கணக்குக்கு ஸ்டாக் என்பது ஒரே ஒரு எண். அது எந்த ரேக்கில் இருக்கிறது, பிரித்த ரோலா பிரிக்காத ரோலா என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை. பின்னால் எம்ஆர்பியோடு கணக்குப் பதிவியலும் சேர்ந்துகொண்டது. சரக்கின் ஒவ்வொரு அசைவும் பணத்தின் அசைவாக ஆனது.

எஸ்ஏபி என்ற ஈஆர்பி மென்பொருளில் வேலை பார்த்தவர்களுக்கு இது விரல் நுனியில் இருக்கும். உற்பத்தி முடிந்தோ கொள்முதல் வந்தோ சரக்கு உள்ளே நுழைந்தால் பதிய வேண்டிய எண் 101. உற்பத்தி ஆர்டருக்கு இஷ்யூ செய்தால் 261. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றினால் 311. ஸ்க்ராப் என்றால் 551. மூன்று இலக்கம்தான், ஆனால் 261 அடித்த அந்த நொடியில் கிடங்குக் கணக்கிலிருந்து பணம் இறங்கி ஆர்டரின் செலவில் ஏறிவிடும். மாதக் கணக்கை மூடியபின் பழைய தேதி போட்டு எழுத முடியாது. பிழை வந்தால் அழிக்கவும் முடியாது, எதிர்ப்பதிவுதான் போட வேண்டும். நிதித்துறைக்கு இதெல்லாம் அவசியம். ஆண்டு முடிவில் ஆடிட்டர் வந்து கேட்கும்போது ஒவ்வொரு கிலோவுக்கும் பதில் வேண்டும் அல்லவா? ஈஆர்பி கிடங்கைப் பார்ப்பது இந்தக் கண்ணால்தான். எவ்வளவு, யாருடையது, என்ன மதிப்பு.

இந்தக் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடம் இருக்கிறது. ஸ்டோரின் கதவுக்கும் மெஷினின் வாய்க்கும் நடுவில் உள்ள தரை. லைன் ஓரத்து ரேக், தூண் அடி, ஹாப்பருக்குப் பக்கத்தில் அடுக்கிய மூட்டைகள், டிராலிகள். பல இடங்களில் அங்கே கணக்கு வைப்பதே இல்லை. அதற்குப் பதில் பேக்ஃப்ளஷ் என்ற வழியைப் பயன்படுத்துகிறார்கள். பொருள் செய்து முடித்ததைப் பதிந்தவுடன், அதற்கு எவ்வளவு மூலப்பொருள் ஆகியிருக்க வேண்டும் என்று பில் ஆஃப் மெட்டீரியலை, அதாவது அந்தப் பொருளுக்கான மூலப்பொருள் பட்டியலை, பார்த்து சிஸ்டம் தானாகக் கழித்துக்கொள்ளும். ஆபரேட்டர் எதையும் எழுத வேண்டாம், எளிது.

இந்த எளிமைக்கு என்ன விலை என்று எங்கள் ஃபிலிமையே வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு பவுச்சுக்கு 6 கிராம். 10,000 பவுச் ஓட்டினால் ஈஆர்பி 60 கிலோ கழிக்கும். ஆனால் ஒவ்வொரு ஆர்டரிலும் மெஷினை செட் பண்ணும்போது முதல் சில மீட்டர்கள் வீணாகும். ரோல் மாற்றும்போது ஒட்டுப் பகுதி போகும். சீல் பிடிக்காத பவுச்சுகளை எடுத்துப் போடுவார்கள். உண்மையில் இறங்குவது 63 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 3 கிலோ தரையில் இல்லை, ஆனால் கணினியில் இருக்கிறது. இப்படி இருபது ஆர்டர் ஓடினால் 60 கிலோ பேய்ச் சரக்கு, கிட்டத்தட்ட ஒரு முழு ரோல். எம்ஆர்பி அதை நம்பி ஒரு ரோல் குறைவாக வாங்கச் சொல்லும். ஸ்க்ராப் சதவீதம் போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். போடலாம், போடவும் வேண்டும். ஆனால் 10,000 பவுச் ஆர்டரிலும் 1,00,000 பவுச் ஆர்டரிலும் செட்டப் இழப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரே சதவீதம் இரண்டுக்கும் பொருந்தாது. பேக்ஃப்ளஷ் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். நட்டு, போல்ட், வாஷர் மாதிரியான சரக்குக்கு அதுவே போதும். விலை கூடிய, லாட் பார்த்துத்தான் போட வேண்டிய, வீணாகும் அளவு நாளுக்கு நாள் மாறுகிற பொருளுக்கு அதை வைத்தால், வேலை குறைந்தது மாதிரி தெரியும். மாத முடிவில் எண்ணும்போது மொத்தமாகத் திரும்பி வரும்.

எம்இஎஸ் இதே சரக்கை வேறு விதமாகப் பார்க்கிறது. அது முதலில் கேட்கும் கேள்வி ‘எது’ என்பது. இந்த ரோல் எது, எந்த லாட், இப்போது எங்கே இருக்கிறது, இந்த ஆர்டருக்கு இதைப் போடலாமா, போட்டால் எந்தப் பெட்டிகளுக்குள் போகும். ஆபரேட்டர் ரோலின் பார்கோடை ஸ்கேன் செய்வார். தப்பான பொருள், நிறுத்திவைத்த லாட், காலாவதியானது என்றால் திரை சிவக்கும், மெஷின் ஓடாது. சரி என்றால் அந்த நிமிடத்திலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு பெட்டியும் அந்த ரோலோடு கோர்க்கப்படும். பின்னால் ஒரு லாட்டில் கோளாறு என்று சப்ளையர் சொன்னால் எந்தெந்த பேலட்டைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று சொல்ல முடிவது இந்தக் கோர்ப்பால்தான். ஈஆர்பியிலும் பேட்ச் எண், அதாவது லாட் எண், உண்டு. ஆனால் ஓர் ஆர்டருக்கு மூன்று பேட்ச் போனது என்றுதான் அது சொல்லும். மதியம் 2:10 முதல் 3:40 வரை ஓடியது எந்த ரோல் என்று சொல்லாது.

சரக்குக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிற தொழில்களில் இந்த வித்தியாசம் இன்னும் கூர்மையாகத் தெரியும். எலக்ட்ரானிக்ஸ் போர்டு செய்யும் இடங்களில் ஈரத்துக்குத் தாங்காத சிப்புகளுக்குத் தரவகுப்பு உண்டு. மூன்றாம் வகுப்புச் சிப் என்றால், காற்றுப் புகாத பையைப் பிரித்த நேரத்திலிருந்து 168 மணி நேரத்துக்குள் போர்டில் ஏற்றிச் சாலிடர் செய்துவிட வேண்டும். அறை 30 டிகிரிக்கும் 60 சதவீத ஈரப்பதத்துக்கும் மேல் போகக் கூடாது என்ற நிபந்தனையும் கூடவே உண்டு. நேரம் தாண்டினால் சிப்புக்குள் ஏறிய ஈரம் சாலிடர் அடுப்பின் சூட்டில் ஆவியாகி உள்ளேயே விரிசல் விடும். நேரம் தாண்டிய ரீலை, அதாவது சிப்புகள் வரும் சுருளை, அடுப்பில் காயவைத்த பிறகுதான் மறுபடி எடுக்கலாம். ஈஆர்பி திரையில் 5,000 சிப் இருக்கும், நேற்றும் இன்றும் அதே 5,000தான். பை பிரித்து 170 மணி நேரம் ஆகிவிட்டது என்பது அதற்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் அதற்கு இல்லை, ஏனென்றால் சரக்கின் மதிப்பு மாறவில்லை. ஒரு ரீலை எப்போது பிரித்தார்கள், எப்போது உலர்பெட்டிக்குள் வைத்தார்கள், எப்போது வெளியே எடுத்தார்கள் என்று மணிக் கணக்கில் சேர்த்துக்கொண்டே வர எம்இஎஸ் மாதிரி ஒன்றுதான் வேண்டும்.

சரி, கிடங்கு யாருடையது? இந்தக் கேள்வியை நான் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் வரும் பதில், ‘அது ஈஆர்பியின் வேலை, எம்இஎஸ் உற்பத்தியைப் பார்த்தால் போதும்’ என்பதுதான். இந்த எண்ணத்துக்கு வரலாற்றில் ஒரு காரணம் உண்டு. எம்இஎஸ் விற்பவர்கள் 1992-இல் மீசா என்ற அமைப்பைத் தொடங்கி, 1997-இல் எம்இஎஸ் செய்யவேண்டியவை என்று 11 வேலைகளைப் பட்டியலிட்டார்கள். ஷெட்யூலிங், தரம், பராமரிப்பு, ஆட்களின் நேரம், பொருளின் வழித்தடம் எல்லாம் அதில் உண்டு. சரக்கு இருப்பு என்று தனியாக ஒரு வேலை அதில் இல்லை. 2000-இல், வணிக மென்பொருளையும் உற்பத்தித் தளத்தையும் இணைப்பதற்கான ஐஎஸ்ஏ-95 தரநிலையின் முதல் பகுதி வந்தது. பர்டியூ பல்கலைக்கழகத்தில் தியடோர் வில்லியம்ஸ் முன்னின்று உருவாக்கிய அடுக்கு மாதிரியை அது எடுத்துக்கொண்டது. மெஷினும் சென்சாரும் கீழே, நான்காம் அடுக்கில் வணிகத் திட்டமிடல், மூன்றாம் அடுக்கில் உற்பத்தித் தளத்தின் நிர்வாகம். அதன் மூன்றாம் பகுதி 2005-இல் வந்தபோது மூன்றாம் அடுக்குக்கு நான்கு வேலைகளைக் கொடுத்தது: உற்பத்தி, பராமரிப்பு, தரம், சரக்கு இருப்பு.

இந்த நான்காவதைப் பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள் என்பது என் வருத்தம். தரநிலையே கிடங்கை முழுதாக ஈஆர்பிக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அது அடுக்குகளைப் பிரிப்பது நேரத்தை வைத்து. மேல் அடுக்கு மாதம், வாரம், நாள் என்று யோசிக்கிறது. கீழ் அடுக்கு ஷிப்ட், மணி, நிமிடம், நொடி என்று யோசிக்கிறது. அடுத்த மாதத்துக்கு எவ்வளவு ஃபிலிம் வாங்குவது என்பது மேலே முடிவாக வேண்டிய சரக்குக் கேள்வி. அடுத்த இருபது நிமிடத்தில் மெஷினுக்கு எந்த ரோல் போக வேண்டும் என்பதும் சரக்குக் கேள்விதான், ஆனால் அதைக் கீழேதான் முடிவு செய்ய முடியும்.

இன்னொரு காரணமும் உண்டு, நடைமுறையில் எனக்கு அதுதான் மிகப் பெரிதாகத் தெரிகிறது. ஈஆர்பியை அப்டேட்டுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நிறுத்துவார்கள். அன்றைக்கும் லைன் ஓடும். மெஷினில் மாட்டப்போகும் ரோல் சரியா என்று கேட்க அந்த நேரத்தில் ஈஆர்பி இருக்காது. லைன் ஓரத்துக் கணக்கை அதனிடம் மட்டும் வைத்திருந்தால் அன்று எல்லாம் பேப்பரில்தான் நடக்கும். திங்கட்கிழமை யாரோ ஒருவர் உட்கார்ந்து, கசங்கிய தாள்களைப் பார்த்து நூறு வரி அடிப்பார். அந்த யாரோ ஒருவராக நானும் இருந்திருக்கிறேன். தாளில் இருக்கும் 1-ஐ 7 என்று படித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அந்த ஃபிலிம் விவகாரத்துக்குப் பிறகு நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தோம். ஒவ்வோர் இடத்துக்கும் கணக்கின் சொந்தக்காரர் ஒருவர்தான். ஸ்டோரின் கதவுவரை ஈஆர்பி. கதவைத் தாண்டியதும் எம்இஎஸ். இதற்கு முதலில் மாற்ற வேண்டியிருந்தது இஷ்யூ செய்யும் பழக்கத்தை. அதுவரை ஸ்டோரிலிருந்து சில ரோல்கள் நேராக ஆர்டருக்குச் செலவாகவே எழுதப்பட்டன. கதவைத் தாண்டியதுமே தீர்ந்துபோனதாகக் கணக்கு. மற்றவை பேக்ஃப்ளஷ்ஷில் போயின. இரண்டையும் நிறுத்தினோம். கதவைத் தாண்டும்போது வெறும் இடமாற்றம், அதாவது 311. ரோல் லைன் ஓரம் என்ற இடத்துக்குப் போகிறது, மதிப்பு மாறவில்லை. அங்கே ஒவ்வொரு ரோலையும் தனித்தனியாக அறிந்திருப்பது எம்இஎஸ். மெஷினில் மாட்டி உண்மையில் எவ்வளவு ஓடியதோ, அந்த அளவை லாட் எண்ணோடு எம்இஎஸ் மேலே சொல்லும். அப்போதுதான் ஈஆர்பியில் 261 விழும். ரோல் திரும்பப் போனால் எதிர்த்திசையில் இன்னோர் இடமாற்றம்.

எழுதும்போது எளிதாக இருக்கிறது. செய்து முடிக்க மாதங்கள் ஆயின, அதில் பெரும்பகுதி அளவை அலகோடு போராடியதில் போனது. ஈஆர்பியில் ஃபிலிம் கிலோ. மெஷின் எண்ணுவது மீட்டர். ஃபிலிமின் தடிமன் லாட்டுக்கு லாட் லேசாக மாறும், ஆகவே ஒரு கிலோவுக்கு எத்தனை மீட்டர் என்பதும் மாறும். மெட்டீரியல் மாஸ்டரில், அதாவது ஒவ்வொரு பொருளின் அடிப்படை விவரப் பதிவில், ஒரே ஒரு மாற்று விகிதம் வைத்திருந்தோம். ஒவ்வொரு ரோலிலும் கொஞ்சம் கொஞ்சமாக வித்தியாசம் தேறி, ரோல் தீர்ந்தபின்னும் எம்இஎஸ்ஸில் 2 கிலோ மிச்சம் நின்றது. சில ரோல்கள் தீர்வதற்கு முன்பே பூஜ்ஜியத்தைத் தாண்டிக் கீழே போய் மெஷினை நிறுத்தின. கடைசியில் விகிதத்தை லாட்டோடு சேர்த்து, சப்ளையர் அனுப்பும் சான்றிதழிலிருந்து எடுக்கும்படி மாற்றினோம். மற்ற இணைப்புச் சிக்கல்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. செய்தி போகாமல் வரிசையில் தேங்கி நிற்கும், மூடிய மாதத்தின் தேதியோடு வந்தால் ஈஆர்பி ஏற்காது. தினமும் காலையில் தேங்கிய செய்திகளைப் பார்ப்பது இன்னாருடைய வேலை என்று பெயர் போட்டு எழுதிவைத்தால் பாதி சரியாகிவிடும்.

நிறுத்திவைக்கும் விஷயத்தில் மட்டும் நாங்கள் கதவு விதியை மீறினோம். தரப்பிரிவு எந்தச் சிஸ்டத்தில் நிறுத்தினாலும் அடுத்ததிலும் உடனே அது நிற்க வேண்டும். விடுவிப்பது மட்டும் ஓரிடத்தில்தான். ஈஆர்பியில் தடுத்த ஸ்டாக் என்ற நிலை முதலிலிருந்தே இருந்தது. அன்று இரவே அந்த 260 கிலோ அந்த நிலைக்குப் போயிருந்தால் எம்ஆர்பி பற்றாக்குறையைக் காட்டியிருக்கும். சப்ளையரிடமிருந்து அவசர ரோல் வர நேரம் ஆகியிருக்கலாம், ஆனால் குறைந்தபட்சம் லைனை வேறு ஆர்டருக்குத் திருப்பியிருக்கலாம்.

தனியாக ஒரு கிடங்கு மென்பொருள் வாங்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஆயிரக்கணக்கான ரேக் இடங்கள், நாள் முழுக்க ஏற்றுமதி, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர்களுக்கு அடுத்த வேலையைச் சொல்லவேண்டிய அளவுக்கு நெரிசல் என்றால் தாராளமாக வாங்கலாம், அதை நன்றாகச் செய்யும். ஆனால் அதுவும் பெரும்பாலும் கதவோடு நின்றுவிடும். தூணில் சாய்ந்திருக்கும் பாதி ரோலைப் பற்றி அதற்கும் தெரியாது. இரண்டு சொந்தக்காரர்கள் மூன்றாகிவிடுவார்கள், எல்லைக்கோடு இன்னொன்று கூடும்.

பாதி ரோலுக்கு நாங்கள் கண்ட வழியில் பெரிய மென்பொருள் எதுவும் இல்லை. மெஷினுக்கு அருகில் ஒரு எடை மேடை, ஒரு லேபிள் பிரிண்டர். ரோலை மாட்டும்போது வெளி உறை லேபிளை ஸ்கேன் செய்த உடனே அதே லாட் எண்ணோடு ஒரு சின்ன லேபிள் அச்சாகும், அதை ரோலின் உள் அட்டைக் குழாயின் உள்பக்கம் ஒட்டிவிட வேண்டும். உறை குப்பைக்குப் போகலாம், குழாய் கடைசி மீட்டர்வரை ரோலோடு இருக்கும். ரோலைக் கழற்றினால் மேடையில் வைக்க வேண்டும், குழாயின் எடையைக் கழித்துக்கொண்டு உண்மையான மீதியை எம்இஎஸ் எழுதிக்கொள்ளும்.

குழாயில் ஒட்டும் யோசனை எங்களுடையது இல்லை. அந்த லைனின் மூத்த ஆபரேட்டர் சொன்னது. தூணில் சாய்த்திருந்த மூன்று ரோல்களைப் பற்றி அன்று காலை அவரிடம் கேட்டபோது, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினார். தேதி, ரோலின் லாட் எண், மாட்டிய நேரம், கழற்றிய நேரம், மீதி எவ்வளவு இருக்கும் என்று கண்ணால் பார்த்துப் போட்ட எடை, ஓரமாக எதற்காகக் கழற்றினார் என்று ஒரு வார்த்தை. பென்சிலில், வரிசையாக, பல மாதங்களாக எழுதியிருந்தார். அந்த மூன்று ரோல்களின் லாட் எண்களும் அதில் இருந்தன. இரவு ஷிப்டில் அவர் இல்லை, அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை. எங்கள் எம்இஎஸ் திரையை வடிவமைக்க உட்கார்ந்தபோது அந்த நோட்டின் ஒரு பக்கத்தைத்தான் நடுவில் வைத்துக்கொண்டோம். திரையில் இருக்கும் கட்டங்கள் இன்றும் அதே வரிசைதான்.

புது ஏற்பாடு வந்து சில வாரங்கள் கழித்து லைன் பக்கம் போனேன். அவர் ஒரு பாதி ரோலை எடை மேடையில் வைத்துவிட்டு, 47.2 என்று திரையில் வந்ததைப் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்து அதில் எழுதியிருந்த எண்ணைக் காட்டினார். 47.

“இன்னும் எழுதுறீங்களா?” என்று கேட்டேன்.

“ரெண்டும் ஒத்துப்போகுதான்னு இந்த மாசம் பாத்துட்டு விட்டுடறேன் சார்” என்றார்.